அறுபதாவது நிமிடம்

பதினேழாவது விடைத்தாளில் தொட்டி வழிந்துவிட்டது. அதற்கு முந்தைய பதினாறிலும், கடந்த மூன்று நாட்களாகச் சண்முகக்கனி திருத்தித் தள்ளிய கட்டுகளிலும் ஒரு சொட்டுகூட வழியவில்லை. உப்புநீர் நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் உள்ளே வந்தது, கலந்த நீர் நிமிடத்துக்கு மூன்று லிட்டர் வெளியே போனது, அறுபதாவது நிமிடத்தில் தொட்டிக்குள் முப்பத்தேழு புள்ளி எட்டு ஏழு கிலோ உப்பு சமர்த்தாக உட்கார்ந்திருந்தது, அவளும் சிவப்புப் பேனாவால் சரி போட்டு, எட்டு என்று எழுதி, பக்கத்தைப் புரட்டிக்கொண்டே வந்தாள். இந்தப் பிள்ளை மட்டும் அரைப் பக்கத்தோடு நிறுத்தியிருந்தது. ‘தொட்டியின் கொள்ளளவு 200 லிட்டர். முதலில் 100 லிட்டர் நல்ல தண்ணீர் உள்ளது. நிமிடத்துக்கு 2 லிட்டர் கூடுகிறது. எனவே 50 நிமிடத்தில் தொட்டி நிரம்பிவிடும். 60ஆவது நிமிடத்தில் வழிந்துகொண்டிருக்கும். ஆகவே இந்தக் கணக்கைப் போட முடியாது.’ அதற்குக் கீழே ஸ்கேல் வைத்து ஒரு கோடு. அவ்வளவுதான். அவள் முதலில் பூஜ்யம் போடத்தான் பேனாவைக் கொண்டுபோனாள், கை பழகிய பழக்கம், போட முடியாது என்று எழுதுகிற பிள்ளைகள் வருஷத்துக்கு நூறு பேர் உண்டு, சிலர் சாமி படம் வரைந்து வைப்பார்கள், சிலர் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று எழுதுவார்கள். பேனா தாளைத் தொடுவதற்கு முன்னால், நூறும் இரண்டு பெருக்கல் அறுபதும் இருநூற்றிருபது என்று அவளை அறியாமலேயே மனசு கூட்டிவிட்டது. இருநூறு லிட்டர் தொட்டியில் இருநூற்றிருபது லிட்டர். இருபத்துநாலு வருஷமாக வகைக்கெழுச் சமன்பாடு நடத்துகிறவளுக்கு இதைப் பார்க்க ஒரு பிள்ளையின் அரைப் பக்கம் வேண்டியிருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். விடைத்தாள் திருத்தும் முகாமுக்கு ஒதுக்கியிருந்த அந்தக் கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் பதினோரு பேர் குனிந்த தலை நிமிராமல் திருத்திக்கொண்டிருந்தார்கள். பதினோரு பேனாவும் தொட்டியை வழியவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தன.

கேள்வியை எடுத்தவர் யாரென்று இந்த அறையில் யாருக்கும் தெரியாது. தெரியக் கூடாது என்பது விதி. உறையை ஒட்டி, அரக்கு வைத்து, பதிவுத் தபாலில் அனுப்பியதோடு கேள்வி எடுத்தவர் செத்துப்போனதற்குச் சமம், தன் கேள்வியைத் தானே திருத்த உட்கார்ந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. சண்முகக்கனி திறக்கவில்லை. முதல் நாள் விடைக்குறிப்பை எல்லாருக்கும் கொடுத்துப் படித்துக் காட்டியபோதுகூட, யாரோ எழுதியதைக் கேட்கிறவளைப் போலத் தலையாட்டிக்கொண்டிருந்தாள், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, நல்ல பேப்பர் என்று பக்கத்து இடத்தில் திருத்துகிற பெமிலா சொன்னபோது. கேள்வியில் முதலில் முப்பது நிமிடம் என்றுதான் இருந்தது. முப்பதில் தொட்டியில் நூற்றறுபது லிட்டர், எந்தப் பிரச்சினையும் இல்லை. ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே கணக்கு முப்பது நிமிடத்தோடு வந்திருந்தது, பழைய கேள்வியை அப்படியே போடக் கூடாது என்று கடிதத்தில் தடித்த எழுத்தில் எழுதியிருந்தார்கள். அவள் முப்பதை அடித்து அறுபது ஆக்கினாள். ஒரே ஒரு எண். விடையையும் புதிதாகப் போட்டு, இருநூற்றிருபதின் வர்க்கமூலம் எடுத்து, இரண்டு தடவை சரிபார்த்தாள். விடை சரிதான். தொட்டிதான் கொள்ளவில்லை. சரிபார்த்த இடம் ஞாபகம் வந்தது, அது வரக் கூடாது என்றுதான் நாலு நாளாக அந்தக் கேள்வியை வேகவேகமாகத் தாண்டிக்கொண்டிருந்தாளோ என்னவோ, ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே நீலப் பிளாஸ்டிக் நாற்காலி, காலை பதினொரு மணி, பார்வையாளர் நேரத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம், மடியில் கேள்வித்தாள் உறை, உள்ளே வீட்டுக்காரர் அருணகிரி, ரத்தத்தில் உப்பு நூற்றுப்பன்னிரண்டு.

நூற்றுமுப்பத்தைந்து இருக்க வேண்டும் என்றார் டாக்டர். உப்புநீரைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் ஏறக் கூடாதாம், வேகமாக ஏற்றினால் மூளைக்கு ஆபத்தாம். அவள் மருந்துச் சீட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டுப் பார்த்தாள், உடம்பில் இத்தனை லிட்டர் நீர், இத்தனை வீதம் உள்ளே, இத்தனை வீதம் வெளியே, நர்ஸ் பையை மாற்ற வந்தபோது சீட்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள், ஏதோ செய்யக் கூடாததைச் செய்து அகப்பட்டவளைப் போல. தொட்டிக் கணக்கில் எப்போதும் ஒரு வரி வரும், ‘கலவை சீராகக் கலக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது எனக் கொள்க’ என்று. வகுப்பில் யாராவது கேட்பார்கள், யார் மேடம் கலக்குறாங்க என்று. எல்லாரும் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள், அப்படிக் கொள்ளாவிட்டால் கணக்குப் போட முடியாதுப்பா என்பாள். மனுஷ உடம்பில் அப்படிக் கொள்ள முடியாது போலிருக்கிறது. ரத்தத்தில் ஏறியது தலைக்குப் போக இரண்டு நாள் ஆனது. அதுவரை அருணகிரி கட்டிலில் உட்கார்ந்து துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டியவர், கண் அளவில் பெட்டிமேல் பெட்டி இறக்கிவைத்தவர், துண்டின் நாலு மூலையைச் சேர்க்கத் தெரியாமல் முழித்தார். ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்கு முந்தைய நாள் வீட்டில், காபியை நீட்டியபோது, அவளை மேலும் கீழும் பார்த்து, "நீங்க யாரு? ஆபீசுல இருந்து வாரீங்களா?" என்று கேட்டார். கலியாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவர் அவளை நீங்க என்று சொன்னதே கிடையாது. மறந்தது போகட்டும், அந்த மரியாதைதான் அவளை உலுக்கிவிட்டது.

"என்ன மேடம், ஒரே பேப்பர புடிச்சிட்டு இருக்கீங்க? நான் இந்தக் கட்டு முடிக்கப் போறேன்," என்றாள் பெமிலா. நாகர்கோவில் பக்கத்துப் பெண், வேலைக்கு வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது, கை மட்டும் முப்பது வருஷ வேகம். "ஒண்ணுமில்ல," என்று சண்முகக்கனி பக்கத்தைப் புரட்டினாள். மற்ற விடைகளை முதலில் திருத்திவிடலாம், இதற்கு அப்புறம் வரலாம், ஒருவேளை இந்தப் பிள்ளை எப்படியும் தேறிவிடும், அப்படியானால் இதைப் பற்றி யோசிக்கவே வேண்டியதில்லை. ஒரு மார்க் கேள்விகளில் ஆறு. ஐந்து மார்க்கில் பதினொன்று. எட்டு மார்க்கில் ஒன்றுக்கு நாலு, இன்னொன்றுக்கு மூன்று. கூட்டினாள். இருபத்துநாலு. தேற முப்பது வேண்டும். திரும்பக் கூட்டினாள், இருபத்துநாலேதான். விடைக்குறிப்புப்படி கன அளவை எழுதியதற்கு இரண்டு மார்க் தரலாம், இருபத்தாறு. முழுதாகத் தந்தால் முப்பத்திரண்டு. கடைசிப் பருவம் வேறு, இந்த ஒரு தாளில் போனால் பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போகும். கெட்டிக்காரப் பிள்ளை என்று சொல்ல முடியாது. இரண்டு இடத்தில் தொகையிடலே தப்பு, மாறிலியை விட்டுவிட்டது. தொட்டி வழியாமல் இருந்திருந்தால் இதற்கு இந்தக் கணக்கு வந்திருக்குமா? வந்திருக்காது. ஓடுகிறதுக்கு வழி தேடுகிறபோது கண்ணில் பட்ட சந்தாக இருக்கலாம் இது. அப்படி நினைத்ததும் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது, நிம்மதியாக இருந்ததே பிறகு உறுத்தியது. சந்தோ பொந்தோ, பிள்ளை எழுதியது உண்மை. கெட்டிக்காரர்கள் எல்லாரும் சூத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நேராக அறுபதுக்குப் போய்விட்டார்கள். இது வீட்டில் மோட்டார் போடுகிற பிள்ளையாக இருக்கும். மோட்டார் போட்டுவிட்டுப் படிக்க உட்கார்ந்து, மேலே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டு ஓடி, அம்மாவிடம் ஏச்சு வாங்கிய பிள்ளை. தொட்டி என்று படித்ததும் எத்தனை நிமிடத்தில் நிரம்பும் என்றுதான் அதற்குத் தோன்றியிருக்கும். பையனா பெண்ணா என்று தெரியவில்லை, பெயர் இருந்த பக்கத்தைக் கிழித்துவிட்டு எண்ணை மட்டும் ஒட்டியிருந்தார்கள். பெண் என்றே வைத்துக்கொண்டாள்.

அவளுக்கு ஏன் தோன்றவில்லை? கேள்வியில் என்ன, வீட்டிலேயே தோன்றவில்லையே. அருணகிரிக்கு ரத்த அழுத்தம் என்று டாக்டர் நீர் பிரிகிற மாத்திரை எழுதினார், உப்பைக் குறைக்கச் சொன்னார். குறைக்கச் சொன்னார், நிறுத்தச் சொல்லவில்லை. சண்முகக்கனிக்கு எதையும் பாதியாகச் செய்து பழக்கமில்லை. ஊறுகாய் போயிற்று, அப்பளம் போயிற்று, கருவாடு வீட்டுக்குள் வரவே இல்லை, கடைசியில் குழம்பை இரண்டு சட்டியில் பிரித்து அவருடையதில் ஒரு கல் உப்பு போடாமல் இறக்கினாள். வெயில் காலம், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்று மூன்று லிட்டர் பிடித்துவைத்து, பாட்டிலில் கோடு போட்டு, சாயங்காலம் கல்லூரியிலிருந்து வந்து அளந்து பார்த்தாள். "ஏய் கனி, வாயில வைக்க வெளங்கல, மாட்டுக்கு வைக்கிற தவிடு மாதிரி இருக்கு, ஒரு சிட்டிகை போடேன்," என்று அவர் கெஞ்சினார். ஒன்றும் தெரியாத பிள்ளையை அதட்டுகிற மாதிரி அதட்டினாள். இரண்டு மாதம். உள்ளே போவது வெறும் தண்ணீர், மாத்திரை வெளியே தள்ளுவது உப்பும் நீரும். முதல் வருஷப் பிள்ளையிடம் கொடுத்தால் சமன்பாடு எழுதிக் காட்டும், உப்பு பூஜ்யத்தை நோக்கிப் போகிறது மேடம் என்று சொல்லும். அவள் காலையில் வகுப்பில் அதைத்தான் கரும்பலகையில் எழுதினாள், சாயங்காலம் வந்து பாட்டிலை அளந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "உப்பை அடியோட யாரும்மா நிறுத்தச் சொன்னது?" என்று கேட்டபோது, "அவங்களே பிடிவாதமா நிறுத்திட்டாங்க டாக்டர், நான் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்," என்று பதில் வந்தது, அவள் வாயிலிருந்துதான் வந்தது, யோசிக்காமல், அவ்வளவு சரளமாக. பக்கத்தில் கட்டிலில் அவர் துண்டை மடித்துக்கொண்டிருந்தார். பிழைத்து எழுந்தவருக்கு அந்த இரண்டு மாதம் சுத்தமாக ஞாபகம் இல்லை. டாக்டர் சொன்னதைப் பிடித்துக்கொண்டார். இப்போது எட்டு மாதமாகக் கலியாண வீடு, காது குத்து, எங்கே போனாலும், "என் மடத்தனத்தக் கேளுங்க, இவ படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கா, நான் உப்பே வேண்டாம்னு மல்லுக்கு நின்னு சாகப் பாத்தேன்," என்று சொல்லிச் சிரிக்கிறார். எல்லாரும் சிரித்துவிட்டு அவளைப் பார்த்து, நீங்க இருந்ததால பிழைச்சார் என்பார்கள். அவள் இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவாள். அதற்கப்புறம் அவர் உப்புக்குப் பயப்படவும் தொடங்கிவிட்டார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று மத்தியானம் தானே சமைத்துச் சாப்பிடுகிறவர், தினமும் ஒரு மணிக்குப் போன் பண்ணி, எத்தனை ஸ்பூன் என்று கேட்டுவிட்டுத்தான் போடுகிறார்.

அவள் எழுந்தாள். எதற்காக எழுந்தாள் என்று முழுதாகத் தெரியவில்லை, தாளும் கையோடு வந்திருந்தது. கேள்வி தப்பு என்று சொல்லலாம், அவ்வளவுதான், யார் வேண்டுமானாலும் சொல்லக்கூடிய விஷயம், அவள் எடுத்த கேள்வி என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, ஒரு தேர்வாளராகக் கண்ணில் பட்டதைச் சொல்கிறாள். நல்ல பேர்கூடக் கிடைக்கும். இந்த நினைப்போடு அறையின் கோடிக்குப் போனாள். தலைமைத் தேர்வாளர் ஞானதிரவியம் சார் கழுவுதொட்டிக்குப் பக்கத்து மேசையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அடுத்த வருஷம் ஓய்வு, எல்லாவற்றையும் சத்தமில்லாமல் முடிக்க விரும்புகிற நல்ல மனுஷர். தாளைப் படித்தார், ஒரு முறை சிரித்தார், பிறகு சிரிப்பு நின்றது. "ஆமா மேடம். வழியத்தான் செய்யுது." தாளைத் திருப்பிக் கொடுத்தார். "ஆனா என்ன செய்யச் சொல்லுதீங்க? நாலு நாளு திருத்தியாச்சு. பாதிக்குமேல மார்க்கே ஏத்தியாச்சு. கேள்வி செட் பண்ண ஆளு விடைக்கு ஸ்கீம் கொடுத்திருக்காரு, அத மாத்த நமக்கு அதிகாரம் இல்ல. அந்த ஆளே வந்து என் கேள்வி தப்புன்னு எழுதிக் கொடுத்தா உண்டு. அது யாருன்னு நமக்குத் தெரியப்போறதும் இல்ல, அவரு வரப்போறதும் இல்ல. ரெண்டு மார்க் போட்டு விடுங்க."

சரி சார் என்று சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கலாம். சொல்லுவதற்கு வாயைத் திறந்தும்விட்டாள். கழுவுதொட்டியில் யாரோ டீ கிளாசைக் கழுவாமல் போட்டிருந்தார்கள், அடியில் கரையாத சீனி. இரண்டு மார்க் போட்டால் இருபத்தாறு. அந்தப் பெண் முடிவு வந்ததும் என்ன நினைப்பாள், நாம்தான் முட்டாள்தனமாக எழுதிவிட்டோம், மற்ற எல்லாரும் போட்ட கணக்கை முடியாது என்று எழுதிவிட்டோம் என்று நினைப்பாள். அடுத்த தடவை தொட்டி வழிவது கண்ணில் பட்டாலும் பேசாமல் அறுபது வரைக்கும் போவாள். வீட்டில் கேட்டால், என் மடத்தனம் என்று சொல்லிக்கொள்வாள், சிரித்துக்கொண்டே சொல்லுவாளோ என்னவோ. விளக்கம் கேட்டுக் கடிதம் வரும், கேள்வி எடுக்கிறவர் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள், கல்லூரி முதல்வருக்கு நகல் போகும், பதினோரு பேரும் கட்டுகளை மறுபடி பிரிக்க வேண்டும், பெமிலா என்ன நினைப்பாள், ஒரு எண்தானே, முப்பதை அடித்து அறுபது, ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து போட்டேன் சார், வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லலாம், அதுவும் உண்மைதான், ஆனால் அதைச் சொன்னால் மறுபடியும் அவர் தலையில்தான் போய் விழும். அதைச் சொல்லக் கூடாது. வேறு என்ன சொல்லுவது என்று தேடினால் சொல்லுவதற்கு ஒரு வார்த்தைதான் இருந்தது.

"நான்தான் சார்," என்றாள். அவருக்குப் புரியவில்லை. "செட் பண்ணது நான்தான். எழுதித் தாரேன்." ஞானதிரவியம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "மேடம், இத நீங்க சொல்லியே இருக்க வேண்டாமே," என்றார் தாழ்ந்த குரலில், அவளுக்காக நிஜமாகவே வருத்தப்பட்டு. "ஆமா சார்," என்றாள். ஒரு வெள்ளைத் தாளில் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதற்கப்புறம் நடந்தது எல்லாம் வேறு யாருக்கோ நடந்ததைப் போலத் தள்ளி நின்று நடந்தது. அவர் தேர்வு அலுவலகத்துக்குப் பேசினார், வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார், எழுந்து நின்று, அந்தக் கேள்வியைத் தொட்டவர்களுக்கெல்லாம் முழு மார்க், திருத்திய கட்டுகளையும் திறக்க வேண்டும் என்று அறிவித்தார். எந்த மகராசன் எடுத்த கேள்வி சார் இது என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார். சண்முகக்கனி, "நான்தான்," என்றாள். இரண்டாம் தடவை இன்னும் லேசாக வந்தது. அறையில் கட்டுகளின் நாடாவை அவிழ்க்கிற சத்தம். பெமிலா அவளைப் பார்க்காமல் தன் கட்டை இழுத்துப் பிரித்தாள், கோபமாகத்தான் பிரித்தாள். சண்முகக்கனி தன் இடத்தில் உட்கார்ந்து பதினேழாவது தாளில், ஸ்கேல் வைத்துப் போட்ட கோட்டுக்குப் பக்கத்தில் எட்டு என்று எழுதினாள். முப்பத்திரண்டு. அதே எட்டு தொட்டியை வழியவிடாத நூற்றுக்கணக்கான பேருக்கும் போகிறது, அந்தப் பெண் கண்டுபிடித்தாள் என்று எங்கேயும் பதிவாகப்போவதில்லை. ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, எட்டுக்குக் கீழே, எழுதக் கூடாத இடத்தில், சின்னதாக ‘சரி’ என்று எழுதினாள்.

ஒரு மணிக்கு, காலையில் உள்ளே விடும்போது வாங்கிவைத்த போனை வாசலில் திருப்பித் தந்தார்கள். கையில் வாங்கும்போதே அடித்தது. "கனி, ரசம் கொதிக்கி. எத்தன ஸ்பூன்?" பின்னால் கரண்டி தட்டுகிற சத்தம். வராந்தாவில் மற்றவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு சாப்பிடப் போனார்கள். "அடுப்பக் கொஞ்சம் தணிச்சு வைங்க," என்றாள். தணித்தார். "அன்னிக்கு உப்ப நிறுத்தினது நீங்க இல்லங்க. நான்தான். நீங்க போடச் சொல்லிக் கெஞ்சுனீங்க, நான் போடல. டாக்டர் கேட்டப்போ பொய் சொல்லிட்டேன்." மறுபக்கம் ரசம் கொதிப்பது கூடக் கேட்டது. "அப்போ நான் ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சது?" என்றார். "ஆமா," என்றாள். "நீயும் பக்கத்துலதான் நின்ன." "ஆமா. நின்னேன்." போனை வைத்துவிடுவார் என்று நினைத்தாள், வைத்திருந்தால் அதுவும் நியாயம்தான். கடைசியில், "ரசம் பொங்குது. எத்தன ஸ்பூன், அதச் சொல்லு," என்றார், கரகரத்த குரலில். ஒண்ணரை என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினாள். "என்னக் கேக்காதீங்க. கரண்டியில எடுத்து ஊதி, நீங்களே குடிச்சுப் பாருங்க." அவர் ஊதுவது கேட்டது. உறிஞ்சுவது கேட்டது. "இன்னும் கொஞ்சம் வேணும் போல இருக்கு," என்றார்.